சீசாக்காரம்மா படித்த படிப்பு

முதல் நாள் அவள் வகுப்புக்குள் காலெடுத்து வைத்ததும் முப்பத்திரண்டு பிள்ளைகளும் எழுந்து நின்று "குட் மார்னிங் மேடம்" என்றார்கள். அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது. தோள்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான், இந்த அம்மா பாடம் நடத்த வரவில்லை, படிக்க வந்திருக்கிறாள் என்பது அவர்களுக்கு உறைத்தது. அன்று கிளம்பிய சிரிப்பு அடங்க ஒரு வாரம் ஆயிற்று. அதற்குள் அவள் எல்லோருக்கும் "அக்கா" ஆகிவிட்டாள். வேறு என்ன செய்வார்கள்? நாற்பத்து மூன்று வயதில் தடய வேதியியல் படிக்க வருகிறவளைப் பெயர் சொல்லியா கூப்பிட முடியும்?

ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேறு பெயர். அங்கே அவள் சீசாக்காரம்மா. சலவைக்கூடத்தைத் தாண்டி, பின்கட்டில் இருக்கும் பிணவறையில் பதினேழு வருஷமாக உதவியாளர். டாக்டர் அறுப்பார், எழுத்தர் எழுதுவார், இவள் சீசா நிரப்புவாள். சாவில் சந்தேகம் என்றால் இரைப்பை, ஈரல், சிறுநீரகம் என்று துண்டு துண்டாக எடுத்து ரசாயனப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அந்தக் கண்ணாடிச் சீசாக்களைக் கழுவி, காயவைத்து, கெடாமல் இருக்கக் கரைசல் ஊற்றி, மூடி, அரக்கு உருக்கி முத்திரை வைத்து, சீட்டு ஒட்டுவது அவள் பொறுப்பு.

ஏனோதானோவென்று செய்கிறவள் இல்லை. சீட்டில் அவள் எழுதும் எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். மேசையில் கிடப்பவரை "அது" என்று சொல்லவே மாட்டாள். புதிதாக வந்த டாக்டர் யாராவது "அடுத்த பாடியைக் கொண்டு வா" என்றால், "அவரைக் கூட்டிட்டு வர்றோம் டாக்டர்" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டே போவாள். இதற்காக அவளுக்குக் கொஞ்சம் கிறுக்கு என்று ஒரு பேச்சும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். எல்லோரும் சொரணை கெட்டுப் போகிற இடத்தில் ஒரு ஆளாவது கிறுக்காக இருப்பது நல்லதுதான்.

கல்யாணத்துக்கு முன்பே வேதியியலில் பட்டம் வாங்கி, சான்றிதழை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவைத்திருந்தாள். ஊழியர்களுக்கென்று பல்கலைக்கழகத்தில் ஒரு இடம் ஒதுக்கி, சம்பளத்தோடு இரண்டு வருஷ விடுப்பும் தருவதாகச் சுற்றறிக்கை வந்தபோது ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. "நீங்க போங்களேன் சீசாக்காரம்மா, இங்க என்ன கிழிக்கப் போறீங்க?" என்று எழுத்தர் விளையாட்டுக்குச் சொன்னார். அவள் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் கணவர் தையல் மிஷின் பழுதுபார்ப்பவர். மனைவி பாடப்புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "பதினேழு வருஷம் செத்தவங்களோட இருந்தது போதாதுன்னு பரீட்சை வேற எழுதப் போறியா?" என்றார். ஆனால் மறுநாளே பழைய மிஷின் மேசை ஒன்றை இழைத்துத் தேய்த்து, படிக்கும் மேசையாக்கிக் கொண்டுவந்து போட்டார். பதினொன்றாம் வகுப்பில் இருந்த மகளுக்கும் அம்மாவுக்கும் அந்த மேசைக்காகத் தினம் சண்டை. "உனக்கு மட்டும்தான் பரீட்சையா, எனக்கில்லையா?" என்று அம்மாதான் முதலில் முறுக்குவாள். அந்த நாட்களில் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தத்துக்குக் குறைவே இல்லை.

முதல் செமஸ்டரில் தட்டுத்தடுமாறினாள். இரண்டாவதில் பிடித்துக்கொண்டாள். செய்முறையில் அவளை அடிக்க ஆளில்லை. சின்னப் பிள்ளைகள் ஈரல் துண்டைப் பார்த்ததும் மூக்கைப் பொத்துவார்கள், இவள் வெண்டைக்காய் நறுக்குவதுபோல நறுக்கிப் போடுவாள். நச்சியல் பாடம் எடுத்த விரிவுரையாளருக்கு இருபத்தொன்பது வயது. அந்தப் பெண்ணும் இவளை "அக்கா" என்றே அழைத்தாள், இவள் அவளை "மேடம்" என்றாள். இரண்டு பேருக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அந்த மேடத்துக்கு ஒரு சொல்லைக் கண்டால் ஆகாது. "இல்லை" என்ற சொல்.

"நம்ம தொழில்ல 'இல்லை'ன்னு எழுதவே கூடாது," என்பாள். "கண்டறியப்படவில்லைன்னு எழுதுங்க. நீங்க தேடினது, தேடின விதம், தேடின பொருள் இருந்த நெலமை, இது மூணும் சேர்ந்துதான் அந்த வார்த்தை. வீட்டுல சாவியைத் தேடிட்டுக் கிடைக்கலைன்னா சாவியே உலகத்துல இல்லன்னா சொல்வீங்க?" பிள்ளைகள் சிரித்துக்கொண்டே எழுதிக்கொண்டார்கள். பரீட்சையில் மறந்துபோய் "இல்லை" என்று எழுதியவர்களுக்கு இரண்டு மதிப்பெண் கழித்தாள்.

மூன்றாவது செமஸ்டரில் ஒரு செய்முறை வைத்தாள். கோழி ஈரலை அரைத்து, சீசாக்களில் அடைத்து, எட்டு நாளாகப் பூட்டி வைத்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் காற்றை உறிஞ்சும் கூண்டுக்குள் வைத்துதான் எல்லாச் சோதனையும். "சயனைடு இருக்கான்னு பாருங்க," என்று ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சீசா கொடுத்தாள். அமிலம் விட்டுக் காய்ச்சி, வரும் ஆவியைக் காரத்தில் பிடித்து, இரும்பு உப்பைச் சேர்த்து, கடைசியில் மறுபடியும் அமிலம் விட வேண்டும். சயனைடு இருந்தால் குழாயில் அழுத்தமான நீலம் இறங்கும்.

பக்கத்துக் குழுவின் குழாயில் நீலம் இறங்கியது. பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். இவள் குழுவின் குழாயில் வெளிறிய மஞ்சளைத் தவிர ஒன்றும் வரவில்லை. இரண்டாம் முறை செய்தாள், கை சுத்தம், அளவு சுத்தம், ஒரு பிசகும் இல்லை. அப்போதும் மஞ்சள்தான். "நஞ்சு கண்டறியப்படவில்லை" என்று இலக்கணம் தவறாமல் ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கொண்டுபோய் நீட்டினாள்.

மேடம் எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்திக்கொண்டு சொன்னாள்.

"எல்லாச் சீசாவுலயும் ஒரே அளவு சயனைடு நான்தான் போட்டேன். நீலம் வந்த சீசா உப்புக் கரைசல்ல இருந்துச்சு. வராதது ஃபார்மலின்ல இருந்துச்சு. ஃபார்மலின் சதையைப் பத்திரமா வெச்சிருக்கும். ஆனா சயனைடோட சேர்ந்து அதை வேற பொருளாக்கிடும். அப்புறம் யார் தேடினாலும் கிடைக்காது. அதனாலதான் ரசாயனக் கூடத்துக்குப் போற சீசாவுல உப்புத் தண்ணி மட்டும்தான் ஊத்தணும். இது அக்காவுக்கு நம்ம எல்லாரையும்விட நல்லாத் தெரியும், இல்லையாக்கா?"

அக்கா கையிலிருந்த குழாயை அதன் தாங்கியில் வைத்தாள், கையுறையைக் கழற்றினாள், வெளியே போய்த் தண்ணீர்த்தொட்டி ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். மயக்கம் என்று நினைத்துப் பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவந்தார்கள். வாங்கிக் குடித்தாள். சயனைடும் ஃபார்மலினும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. நினைவு போய் நின்ற இடம் ஆறு வருஷத்துக்கு முந்தைய ஒரு கோடைக்கால நாள்.

பிணவறையில் இரண்டு விதமான சீசா உண்டு. திசுக்களைப் பார்க்கிற கூடத்துக்குப் போகும் சீசாவில் ஃபார்மலின். ரசாயனக் கூடத்துக்குப் போகும் சீசாவில் நிறைய உப்புப் போட்ட தண்ணீர், இனிமேல் கரையாது என்று அடியில் உப்பு நிற்க வேண்டும். அது விதி. விதி ஏன் அப்படி என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. ஃபார்மலின் மருந்து, உப்பு சமையலறைச் சாமான், விலை மலிவுக்காகத்தான் உப்பு வைத்திருக்கிறார்கள் என்று அவளாகவே நினைத்துக்கொண்டிருந்தாள். படித்த பட்டத்துக்கு அந்த நினைப்பு இழுக்குத்தான். ஆனால் அந்தப் பின்கட்டில் வேதியியல் பேச யார் இருந்தார்கள்?

அந்த நாளில் வந்தவள் பத்தொன்பது வயதுப் பெண். கைப்பைக் கொக்கிகளுக்கும் பொத்தான்களுக்கும் முலாம் பூசுகிற பட்டறையில் வேலை. காலையில் உள்ளே போய், சயனைடு கலந்து முலாம் பூசும் தொட்டிகள் இருந்த பின்னறையில் தனியாக நின்றிருந்தவள், கால் மணி நேரத்தில் விழுந்து கிடந்தாள். உடம்பில் காயமில்லை. தலைமுடியைக் காதளவுக்குக் குட்டையாக வெட்டியிருந்தாள், அது புதிதாக வெட்டிய முடி என்பதையும் சீசாக்காரம்மா கவனித்தாள்.

பெண்ணின் அப்பா கடைத்தெருவில் சாவி வெட்டுகிறவர். பிணவறை வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்த மனிதர் போகிற வருகிற எல்லோரிடமும் ஒரே விஷயத்தைச் சொன்னார். "என்னைக் கேக்காம முடியை வெட்டிட்டு வந்தா. என் முகத்துல முழிக்காதேன்னு சொல்லிட்டேன். விடிஞ்சதும் சாப்பிடாமப் போயிட்டா. ஒரு வாய் சாப்பிடாமப் போயிட்டாளே." பட்டறை முதலாளியும் அங்கேதான் நின்றிருந்தான். காதில் விழுந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். "வெறும் வயித்தோட வந்திருக்கு பொண்ணு, பாவம், மயங்கி விழுந்திருச்சு," என்று போலீஸ்காரரிடமும் டாக்டரிடமும் அவன் சொன்னபோது, இரண்டு நிமிஷம் முன்னால் அந்த அப்பாவிடமிருந்து கடன் வாங்கிய வார்த்தை அது என்று யாருக்கும் தோன்றவில்லை.

டாக்டர் துண்டுகளை எடுத்துக் கொடுத்தார். ரசாயனக் கூடத்துக்குச் சீசா எடுத்துப்போகும் வண்டி வேலைநிறுத்தத்தால் ஓடவில்லை, வர ஆறேழு நாளாகும் என்றார்கள். குளிர்ப்பெட்டி வேறு மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. சீசாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தபோது சாவிக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "அம்மா, எதுன்னாலும் பத்திரமா வைங்கம்மா. கெட்டுப்போயிடாமப் பாத்துக்கங்க. அவ கடைசியா இருக்கறது அதுலதான்."

அவளால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. உள்ளே போய் யோசித்தாள். இந்த வெயிலில், ஓடாத குளிர்ப்பெட்டியில், ஏழு நாள் உப்புத் தண்ணீரில் எப்படித் தாங்கும்? அழுகிப்போனால் அந்த மனிதரிடம் என்ன சொல்வது? அலமாரியில் ஃபார்மலின் இருந்தது. வருஷக்கணக்கில் கெடாமல் வைக்கும் மருந்து. இரண்டு சீசாவிலும் அதையே ஊற்றினாள். அரக்கு வைத்தாள். சீட்டு எழுதினாள். அன்று வீட்டுக்குப் போகும்போது, ஒரு அப்பாவுக்குத் தன்னால் ஆனதைச் செய்தோம் என்று அவளுக்கு மனசு கொஞ்சம் ஆறியிருந்தது. அசட்டையாக இருந்திருந்தால் உப்பையே ஊற்றியிருப்பாள்.

மூன்று மாதம் கழித்து அறிக்கை வந்தது. "நச்சுப்பொருள் ஏதும் கண்டறியப்படவில்லை." சாவிக்காரர் வந்து, "என்னம்மா வந்திருக்கு?" என்று கேட்டபோது அவள்தான் வாசித்துச் சொன்னாள். "ஒண்ணும் இல்லன்னு வந்திருக்குங்கய்யா." அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை, மகள் இறந்த தேதிக்கு முன்னே பின்னே, சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வருவார். "வேற ஏதாவது பேப்பர் வந்துச்சாம்மா?" என்பார். "இல்லீங்கய்யா," என்பாள் அவள். "அப்ப சரிம்மா," என்று திரும்பிப் போய்விடுவார். விஷம் இல்லை, நோய் இல்லை, காயம் இல்லை என்றால் மிச்சம் இருப்பது அவர் போட்ட சண்டையும் பெண் சாப்பிடாமல் போன சாப்பாடும்தான். அதை அவர் ஆறு வருஷமாகத் தலையில் சுமந்துகொண்டிருந்தார். அது அவளுக்குத் தெரியும், ஆஸ்பத்திரிக்கே தெரியும்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பதிவறையில் அந்தக் கோப்பைக் கேட்டு வாங்கினாள். தப்பாக ஞாபகம் வைத்திருக்கலாம் என்று ஒரு நப்பாசை. அறிக்கை இரண்டு பக்கம். எல்லோரும் வாசித்தது முதல் பக்கத்தின் கடைசி வரியை. இரண்டாம் பக்கத்தில் பொடி எழுத்தில், சீசாக்களின் எண்ணுக்கும் முத்திரையின் விவரத்துக்கும் கீழே இருந்தது: "மாதிரிகள் ஃபார்மலினில் பெறப்பட்டன." அந்தக் கூடத்துக்காரர் தன் கடமையைச் செய்துவிட்டார். அதை டாக்டர் வாசிக்கவில்லை, போலீஸ் வாசிக்கவில்லை, அவளும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தாலும் அன்றைக்கு அவளுக்கு விளங்கியிருக்காது.

பிணவறையின் பெரிய டாக்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார்.

"எழுதிக் குடுங்கம்மா, மேல அனுப்பறேன். உங்களுக்கு ஒரு மெமோ வரும், அவ்வளவுதான். மிச்ச மாதிரியை எல்லாம் எப்பவோ அழிச்சாச்சு. பட்டறையையும் இழுத்து மூடிட்டுப் போயிட்டான். இனிமே தோண்டி எடுக்கறதுக்கு என்ன இருக்கு?"

"அவர்கிட்ட யாரு சொல்றது டாக்டர்?"

"யார்கிட்ட?"

அவள் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. மேசைக்குச் சண்டை போட அம்மா வராததைப் பார்த்து மகள் பயந்துபோனாள். கணவரிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்ததும், அவர் கையில் இருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். "சொல்லித்தான் ஆகணுமா? அந்த மனுஷன் எப்படியோ பழகிட்டாரு. புண்ணை ஏன் கீறிவிடணும்?" என்றார். அதற்கு அவள், "அது அவர் புண்ணே இல்லைங்க, நான் குடுத்தது," என்றாள். அவர் அப்புறம் தடுக்கவில்லை. "நானும் வரட்டுமா?" என்று மட்டும் கேட்டார். வேண்டாம் என்றுவிட்டாள்.

மேடத்திடமும் சொன்னாள். அந்தச் சின்னப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் விளையாட்டாக வைத்த சோதனை இப்படி ஒரு ஆளின் நெஞ்சில் போய்த் தைக்கும் என்று அவள் கண்டாளா? ஆனாலும் தொழில்காரி, எச்சரிக்காமல் விடவில்லை.

"அக்கா, போய் விஷம்தான்னு சொல்லிடாதீங்க. அவருக்கு ஆறுதலா இருக்கும்னு தோணும். ஆனா நமக்கு அது தெரியாது."

"தெரியும் மேடம். எனக்குத் தெரியாதுங்கறதுதான் எனக்கு நல்லாத் தெரியும்."

சாவிக்காரரின் கடை ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது. ஒரு ஆள் உட்காரலாம், இன்னொரு ஆள் குனிந்து நிற்கலாம். சுவர் முழுக்க ஆணி, ஆணி முழுக்க வெட்டாத சாவிகள். அவள் போனபோது மத்தியானம். யாருக்கோ அலமாரிச் சாவி வெட்டிக்கொண்டிருந்தார். மிஷின் கீச்சிட்டு நின்றதும், பித்தளைத் தூளை வாயால் ஊதிவிட்டு, சாவியைக் கொடுத்து அந்த ஆளை அனுப்பினார். பிறகுதான் இவளைப் பார்த்தார். பார்த்ததும் பதறி எழுந்து படியில் தலையை இடித்துக்கொண்டார்.

"வந்துச்சாம்மா ஏதாவது?"

ஆறு வருஷத்தில் அவள் அவரைத் தேடி வந்தது இதுதான் முதல் தடவை. அவர் என்ன நினைத்திருப்பார்?

"பேப்பர் ஒண்ணும் வரலைங்கய்யா. நான்தான் வந்தேன். உக்காருங்க. உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

சாவிக்காரர் உட்கார்ந்தார். அவள் நின்றபடியே சொன்னாள். எந்தச் சீசாவில் எதை ஊற்ற வேண்டும், தான் எதை ஊற்றினோம், ஏன் ஊற்றினோம், அது என்ன செய்யும் என்பதைப் பரீட்சையில் எழுதுவதுபோல வரிசையாகச் சொல்லாமல், முன்னுக்குப் பின்னாக, அழுகையை விழுங்கிக்கொண்டு சொன்னாள். அவர் கல்லாப்பெட்டியின் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறை போட்ட அறிக்கையை எடுத்தார். இரண்டாம் பக்கத்தில் அந்த வரியை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். பூதக்கண்ணாடி வைத்து எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"இதுக்கு இதுதான் அர்த்தமா?"

"ஆமாங்கய்யா."

"அப்ப விஷம் இருந்துச்சு."

"தெரியாதுங்கய்யா."

"இல்லையா அப்ப?"

"அதுவும் தெரியாது. இருந்திருந்தாலும் அந்தச் சீசாவுல தெரிஞ்சிருக்காது. இனிமேலும் தெரியாது. அதுதான் நான் பண்ணினது. ஒண்ணும் இல்லன்னு உங்ககிட்ட வாசிச்சுச் சொன்னதும் நான்தான். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

திட்டுவார் என்று நினைத்தாள். கையில் கிடைத்ததை எடுத்து எறிவார் என்றுகூட நினைத்தாள், எறியட்டும் என்றுதான் நின்றாள். அவர் பூதக்கண்ணாடியை மெதுவாக மடக்கி உறையில் போட்டார்.

"நான்தானேம்மா கும்பிட்டேன்," என்றார். "பத்திரமா வைங்கன்னு. நான் வாயை மூடிட்டு நின்னிருந்தா நீங்க எப்பவும் ஊத்தறதை ஊத்தியிருப்பீங்க. சாப்பிடாம அனுப்பினதும் நான். இதைக் கெடுத்ததும் நானாத்தான் இருக்கு."

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. தன் குற்றத்தை இறக்கி வைக்க வந்தால், இந்த மனிதர் அதையும் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்கிறாரே! எத்தனை சுமைதான் தாங்கும் ஒரு தலை? கோபம் வந்தது அவளுக்கு. அவர்மேல் இல்லை, யார்மேல் என்றும் தெரியவில்லை. படிக்கட்டு இடிக்காமல் குனிந்து உள்ளே போய், அவருக்கு எதிரே, சாவிப் பெட்டியின் மேல் உட்கார்ந்தாள்.

"அய்யா, என்னைப் பாருங்க. விஷம் இருந்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது, அதைச் சொல்ல மாட்டேன். ஆனா அந்த அறையில பதினேழு வருஷம் நின்னிருக்கேன். எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். ஒரு வேளை சாப்பிடாததால செத்துப்போன பத்தொன்பது வயசுப் பிள்ளை ஒண்ணைக்கூட நான் பாத்ததில்லை. அப்படி யாரும் சாக மாட்டாங்கய்யா. வளர்ற பிள்ளைங்க கோவிச்சுக்கிட்டு ஒரு வேளை சாப்பிடாமப் போகும், மத்தியானம் ரெண்டு பங்கு சாப்பிட்டுட்டு வரும். என் பொண்ணு மாசத்துக்கு நாலு தடவை போறா. இதுக்கு எந்தச் சீசாவும் வேண்டாம், எந்தப் பரிசோதனையும் வேண்டாம். உங்க பொண்ணு பசியால சாகலை. நீங்க திட்டினதால சாகலை."

சாவிக்காரர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே யாரோ படியில் தடதடவென்று ஏறிப் போனார்கள், சுவரில் இருந்த சாவிகள் அத்தனையும் ஆடி ஓய்ந்தன.

"இது உங்களுக்கு இப்பதான் தெரியுமா? படிச்சதுக்கு அப்புறமா?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. ஆமாம், இப்போதுதான் படித்தேன் என்று சொல்லிவிட்டால் போயிற்று.

"இல்லீங்கய்யா. எப்பவும் தெரியும்."

"டாக்டருக்கும் தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்."

அவர் தலையை ஆட்டினார். சத்தம் போடவில்லை, குரலும் உயரவில்லை.

"ஆறு தடவை வந்தேனேம்மா," என்றார். "ஒரு தடவை சொல்லியிருக்கலாமே."

அவர் எழுந்து மிஷினின் சுவிட்சை அணைத்தார், சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார், அந்த முதுகு குலுங்கத் தொடங்கியது. அவள் குனிந்து வெளியே வந்து ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அதை மறைத்துக்கொண்டு நின்றாள். கையில் பூட்டோடு ஒருவர் வந்து, கடை உண்டா என்று கேட்டார்.

"இப்ப இல்லீங்க," என்றாள். "கொஞ்சம் கழிச்சு வாங்க."